திவானுக்கு ஒரு டாக்டர்

"இந்த வீட்டில் இனி நான் எடுக்கிற முடிவுதான் முடிவு" என்று நான் அறிவித்தபோது என் பெண்டாட்டி முத்துக்கனி உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். நாய் படுத்திருந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விஷயம் சின்னதுதான். நாய்க்கு எந்த டாக்டர் என்பது. ஆனால் கல்யாணமான நாள்முதல் எனக்கென்று தனியாக ஒரு முடிவு வாய்த்ததே அதுதான். கறிக்குக் கத்திரிக்காயா வாழைக்காயா என்பதுகூட என்னைக் கேட்காமல் முடிவாகிற வீடு இது. கிடைத்ததை விடலாமா?

நாயின் பெயர் திவான். வைத்தவன் நான். வேலை எதுவும் செய்யாமல் நடுவீட்டில் படுத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்த்து உறுமுகிற பிராணிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? திருவிதாங்கூரில் திவான் ஆட்சி ஒழிந்து, மந்திரிசபைகள் வந்து, வந்த வேகத்தில் போய்க்கொண்டும் இருக்கின்றன. வடசேரியில் எங்கள் வீட்டில் மட்டும் திவான் ஆட்சி அசையாமல் நடக்கிறது. என்னைப் பிரஜையாகக்கூட அவன் ஒத்துக்கொண்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு பஸ் கம்பெனி ஷெட்டில் ராக்காவல். பஸ்கள் தூங்கும்போது நான் விழித்திருப்பேன். ஊர் விழித்திருக்கும்போது நான் தூங்குவேன். கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாம் பகலில்தான் நடக்கின்றன. ஒரு மனுஷன் விடாமல் பகலில் தூங்கிக்கொண்டிருந்தால் சொந்தக்காரர்கள் அவனை மெல்ல மெல்ல மறந்துவிடுவார்கள். என் மச்சினன் வீட்டுச் சின்னப்பிள்ளைகளுக்கு நான் ஒரு குறட்டைச் சத்தம்; அவ்வளவுதான் என் உறவு.

படிப்பும் ஷெட்டில்தான். பிரயாணிகள் சீட்டுக்கடியில் விட்டுப் போகிற பத்திரிகைகளைப் பொறுக்கிப் பொறுக்கி வாசித்தே நான் அறிவாளியானேன். ஒரே குறை, எல்லாவற்றிலும் கடைசிப் பக்கம் இருக்காது. கடலை மடிக்கப் போயிருக்கும். ஆகவே உலகத்தில் எனக்கு எல்லா விஷயமும் தெரியும். முடிவுதான் தெரியாது.

காலையில் நான் ஷெட்டிலிருந்து வரும்போது, யாரோ திருடன் என்று திவான் எகிறி எகிறிக் குரைப்பான். தினமும் இது நடக்கும். அன்றைக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்தான். பார்த்தான். மூடிக்கொண்டான். பக்கத்தில் சட்டியில் பழையசோறு அப்படியே இருந்தது.  என்னைத் திருடன் என்றாவது மதித்த ஒரே ஜீவன் அது.

"ஏட்டி, திவானுக்கு என்ன?"

"எனக்கென்ன தெரியும்? நேத்திலேருந்து ஒண்ணும் தொடல்லை. உங்களப் பாத்துப் படிச்சிருக்கும்."

"என்னப் பாத்து என்ன படிக்க?"

"பகல்ல தூங்கப் படிச்சாச்சு. இனி பேப்பர் வாசிக்கும்."

"வெளையாடாத. டாக்டர்ட்ட காட்டணும்."

"நாய்க்கு டாக்டரா? எனக்குப் பல்லுவலி வந்தப்ப கிராம்பைக் கடிச்சிட்டுக் கெடண்ணு சொன்னிய."

"நீ வாயால சொல்லிருவ. இது வாயில்லா ஜீவன்."

"வாயில்லா ஜீவனா? தபால்காரரு காலை பின்ன எத வச்சுக் கடிச்சுது?"

 அறிவாளிகள் இந்த மாதிரி இடங்களில் பதில் சொல்வதில்லை.

"எங்க வேணும்னாலும் கொண்டு போங்க" என்றாள் அவளே, உளுந்தை ஊறப்போட்டுக்கொண்டு. "பூதப்பாண்டி மட்டும் வேண்டாம்."

"பூதப்பாண்டியா? அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா வேண்டாம்ங்க?"

"அங்க ஒரு பட்டாளத்து டாக்டரு வந்து இருக்காராம். யுத்தத்துல பர்மாவுல கோவேறு கழுதைக்கு வைத்தியம் பாத்தவராம். இப்ப நாய், பூனைக்கெல்லாம் பாக்காராம். நம்ம செசிலி சொன்னா. கழுதையத் தொட்ட கை நாயை என்ன பாக்கும்? சவத்த விடுங்க."

செசிலி பக்கத்து வீட்டுக்காரி. மணக்குடிப் பக்கம் ஊர். சந்தையில் மீன் விற்கிறாள். மீனைவிடப் புதிசாகச் செய்தி வைத்திருப்பாள்.

பூதப்பாண்டி என்ற பேரை முத்துக்கனி ஏன் எடுத்தாள் என்பதை நான் சொல்லியாக வேண்டும். அது அவள் பிறந்த ஊர். அங்கே அவள் அண்ணன் நாராயணபெருமாள் இருக்கிறார். நல்ல வயல், நல்ல தோப்பு, நல்ல தொந்தி. சில வருஷத்துக்கு முன்னால் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். நானும் தூக்கத்தைத் துறந்து போனேன். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் பாயசம் விழுந்தது. அடுத்தாற்போலப் பப்படம் வரவேண்டும். பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் பழத்தோடு பிசையாவிட்டால் அது என்ன விருந்து? அது கஷாயம். எனக்கு இந்தப் பக்கத்து இலைவரைக்கும் வந்த பப்படம் அத்தோடு நின்றது. "தீந்துபோச்சு மாப்பிள, இப்ப பொரிச்சு வரும்" என்றார் மச்சினன். வரவில்லை. பாயசம் இலையைத் தாண்டிப் பாயில் ஏறிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு சிமென்ட் வியாபாரி. அவருக்கு மட்டும் உள்ளேயிருந்து இரண்டு வந்தது.

எழுந்துவிட்டேன். "இனி இந்த வீட்டுப் படியை மிதிச்சா நான் பகவதியப்பன் இல்ல!" என்று சபை நடுவே சபதம் செய்தேன். யாராவது கையைப் பிடித்து உட்கார்த்துவார்கள் என்று கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன். எல்லாரும் பாயசத்தில் கவனமாக இருந்தார்கள்.

அதுமுதல் பூதப்பாண்டி பஸ்ஸைத் துடைக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது மச்சினன் மகளுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முத்துக்கனி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திருப்பிச் சொல்ல ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தேன். மானம், மரியாதை, ஆண்மகன் வாக்கு எல்லாம் அதில் வரும். அவள் வாயைத் திறக்கவே இல்லை. பிரசங்கம் உள்ளேயே கிடந்து புளித்தது.

ஆகவே அவள் பூதப்பாண்டி வேண்டாம் என்றதும் எனக்கு மூளை வேலை செய்தது. வேண்டாம் என்றால் நான் வேண்டும் என்பேன் என்று இவளுக்குத் தெரியும். ஆகவே இவளுக்கு வேண்டும். ஆகவே வேண்டாம். ஆனால் நான் இப்படி யோசிப்பேன் என்பதும் இவளுக்குத் தெரியுமே! ஆகவே நிஜமாகவே வேண்டாம். ஆகவே வேண்டும். இதற்கு மேல் யோசிக்கக் கடைசிப் பக்கம் இல்லை. திவானைக் கயிற்றில் கட்டி மிருகாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே எனக்கு முன்னால் ஏழெட்டு வண்டிமாடுகளும் ஒரு எருமையும் வந்திருந்தன. எல்லாம் என்னைவிடப் பொறுமைசாலிகள். கம்பவுண்டர் வந்து திவானைப் பார்த்தார்.

"இது வண்டி இழுக்குமா வே?"

"இழுக்காது."

"பால் கறக்குமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வளக்கீரு?"

"குரைக்கதுக்கு. இப்ப அதுவும் இல்ல."

"டாக்டரு ஊர் ஊரா மாட்டு வெக்கைச் சீக்குக்கு ஊசி போடப் போயிருக்காரு. வர ஒரு வாரம் ஆவும். மாடு செத்தா ஒரு குடும்பம் பட்டினி. நாய் செத்தா உமக்கு ராத்திரி நல்ல உறக்கம்."

"எனக்கு ராத்திரி உறக்கமே கிடையாது. நான் ராக்காவலு."

"அப்படியா? அப்ப நீரே குரைக்கலாமே. எதுக்கு ரெண்டு பேரு?"

எருமைகூடத் திரும்பி என்னைப் பார்த்தது.

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. நான் யார்? பஸ் ஷெட்டின் காவல்காரன். எந்த ஊருக்கும் எங்கள் வண்டி போகிறது. ஒவ்வொரு ஊரிலும் நாய்க்கும் பூனைக்கும் யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று விசாரித்து, ஒப்பிட்டு, ஒரு சர்க்கார் கமிஷன் மாதிரி முடிவு எடுக்கலாமே! அந்த ஆவேசத்தில்தான் வீட்டுக்கு வந்து, ஆரம்பத்தில் சொன்ன அறிவிப்பைச் செய்தேன். அறிவித்தபோது முத்துக்கனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"விசாரிக்கது ஆரு?"

"ததேயுஸ்."

"நல்ல ஆளு" என்றாள்.

ததேயுஸ் எங்கள் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகன். இன்றைக்கு இந்த லைன், நாளைக்கு அந்த லைன் என்று எல்லா வண்டியிலும் ஏறி இறங்குகிறவன். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் ஷெட்டுக்குள் நுழைவேன். அவன் கணக்கை ஒப்படைத்துவிட்டு வெளியே வருவான். கொஞ்சம் பேசுவோம். முத்துக்கனி என் தூக்குச்சட்டியோடு அவனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப ஆரம்பித்திருந்தாள். முந்திரிக்கொத்து. "பாவம், பெண்டாட்டி பேறுக்குப் போயிருக்கா, வாய்க்கு ருசியா ஆரு குடுப்பா" என்றாள். எனக்கு அவள் அதைச் செய்து கொடுத்துத் தீபாவளிகள் பல ஆயிற்று. இருந்தாலும் கமிஷனுக்குச் சம்பளம் என்று விட்டுவிட்டேன்.

முதல் அறிக்கை கருங்கல்.

"அண்ணாச்சி, சந்தைப் பக்கம் ஒரு வைத்தியரு இருக்காரு. ஆடு, மாடு, நாய், பூனை எல்லாத்துக்கும் ஒரே மருந்து."

"என்ன மருந்து?"

"சூட்டுக்கோலு. நாய்க்கு விலாவுல. பூனைக்கு நெத்தியில."

"அம்மாடி! பிடிச்சிட்டு நிக்க ஆளு?"

"பிடிச்சிட்டு நிக்கவனுக்கு எங்க படுதோ அங்க."

கருங்கல் தள்ளுபடி. அடுத்த நாள் தக்கலை.

"இவரு இனிப்பு மாத்திரை டாக்டரு அண்ணாச்சி. சூடு, ஊசி ஒண்ணும் கிடையாது. ஆனா கேள்வி கேப்பாரு."

"என்ன கேள்வி?"

"நாயோட அப்பனுக்கு என்ன சீக்கு, அம்மைக்கு என்ன சீக்கு, எந்தப் பக்கம் சரிஞ்சு படுத்தா நாய்க்குச் சொப்பனம் வருது, சொப்பனத்துல என்ன வருது, எல்லாம் சொல்லணும்."

"நாயோட அப்பன் ஆருண்ணு அதோட அம்மைக்கே தெரியாதே வே!"

"அதைத்தான் நானும் சொன்னேன். அப்படிண்ணா மருந்து பிடிக்காதுண்ணுட்டாரு."

தக்கலையும் தள்ளுபடி. மூன்றாவதாக ததேயுஸ் ஒன்றும் சொல்லாமல் முந்திரிக்கொத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"பூதப்பாண்டி என்னாச்சு?"

"அது வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு அந்த ஊரு ஆகாது."

"நான் ஊரைக் கேக்கல்ல. டாக்டரைக் கேக்கேன்."

"டாக்டரா… டாக்டரு தங்கம். யேசுதாசன்னு பேரு. ஒரு பூனை ஊசிய முழுங்கிட்டு. நூலும் கூட. பைய வாயைத் திறந்து, நூலப் பிடிச்சு, பூமாலை எடுக்க மாதிரி எடுத்தாராம். சூடும் இல்ல, சொப்பனமும் இல்ல. பட்டாளத்து ஒழுங்கு, வரிசையாத்தான் பாப்பாரு. மத்தியானத்துக்கு மேலதான் திறப்பாரு, நீங்க தூங்கி எழும்பிப் போகலாம். ஆனா அது பூதப்பாண்டியாப் போச்சே! விடுங்க."

இவன் விடச் சொன்னதும் எனக்கு விட மனசில்லை. வீட்டுக்கு வந்தால் திவான் இன்னும் அப்படியேதான். வயிறு வேறு உப்பியிருந்தது. நீர்க்கோவையாக இருக்குமோ என்று பயந்தேன். அந்த வியாதியைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன், மருந்து எழுதியிருந்த பக்கம் தவிர.

"முடிவு செஞ்சாச்சு" என்றேன். "பூதப்பாண்டி."

முத்துக்கனி அகப்பையைக் கீழே போட்டாள். "வேண்டவே வேண்டாம்! ஊரு என்ன சொல்லும்? நாயைச் சாக்கு வச்சு புருஷன அண்ணன் ஊருக்கு இழுத்திட்டு வந்துட்டாண்ணுதான் சொல்லும். எனக்கு அந்தப் பேரு வேண்டாம்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பூதப்பாண்டி என்ன, உங்க அண்ணனுக்குப் பட்டா போட்டுக் குடுத்த ஊரா? நான் மிதிக்க மாட்டேன்னு சொன்னது அவரு வீட்டுப் படியை. ஊரை இல்ல."

"இன்னொருக்க சொல்லுங்க."

"படியைத்தான்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா?"

"யோசிச்சுத்தான்."

"பொறவு மாத்திப் பேசப்படாது."

"பகவதியப்பன் பேச்சு மாறாது!"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அம்மி சத்தம் கொஞ்சம் உற்சாகமாகக் கேட்டது. பயந்துபோய் வேகமாக அரைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் செசிலியோடு சந்தைக்குப் போவதாகச் சொல்லிக் காலையிலேயே கிளம்பிவிட்டாள். நான் தூங்கி எழுந்து, திவானைக் கூட்டிக்கொண்டு மத்தியான வண்டியில் ஏறினேன். ததேயுஸ் வழியும் சொல்லியிருந்தான். தெருவில் ஏறவே வேண்டாம். கால்வாய்க் கரையோடு போனால் தென்னந்தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் ஓட்டுப்புரை. மச்சினன் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று துண்டை முக்காடு போட்டுக்கொண்டு போனேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "நாய்க்கு வெயில் படுகே, அதுக்கும் ஒரு துண்டு போடும்" என்றாள். திவான் மட்டும் வால் ஆட்டிக்கொண்டே வந்தான். சாகப்போகிற நாய்க்கு என்ன உல்லாசம் என்று எனக்குக் கண் கலங்கிற்று.

ஓட்டுப்புரை வாசலில் பெஞ்சு. பெஞ்சில் கூடையோடு ஒரு அம்மாள். கூடைக்குள் பூனை.

"பூனைக்கு என்ன?"

"எலி வந்தா எழும்பி வழி விடுது. உங்களுக்கு என்ன?"

"எனக்கில்ல, நாய்க்கு."

"ஓ" என்றாள், அவ்வளவாக நம்பாமல்.

உள்ளே நெல்மணம் அடித்தது. டாக்டர் யேசுதாசன் காக்கி நிக்கரும், மெழுகு தடவி முறுக்கின மீசையுமாக இருந்தார்.

"நோயாளி பேரு?"

"திவான்."

அவர் எழுந்து விறைப்பாக நின்று நாய்க்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு அதன் வாயைத் திறந்து, மூக்கை உள்ளே விடாத குறையாக மோந்தார். வயிற்றைத் தட்டினார். காதைப் புரட்டினார்.

"உம்ம வீட்ல நேத்து என்ன கறி?"

"கஞ்சியும் பயறும்."

"இவன் வீட்ல சாளை மீனு. மரச்சீனிக் கெழங்கு. ரெண்டு நாளா இல்ல, ஒரு வாரமாத் தின்னிருக்கான். சீக்கும் இல்ல, கீக்கும் இல்ல. மூக்குமுட்ட வயிறு. குரைக்க எங்க இடம்?"

"இவனுக்கு ஆரு சாளை குடுப்பா?"

"அதை நாய்ட்டத்தான் கேக்கணும். ஏலே மக்கா, சொல்லு" என்றார் திவானிடம். திவான் வாலை ஆட்டினான். டாக்டர் கையைக் கழுவினார். "உள்ள போய் ஒரு காப்பி குடிச்சிட்டுப் போம். வீட்டுக்காரரு நல்ல மனுஷன். நெல்லுப்புரை சும்மா கிடக்கு, நாலு ஜீவனுக்கு ஆகட்டும்ணு எனக்கு விட்டுக் குடுத்தாரு."

"எந்த வீட்டுக்காரரு?"

சுவரில் ஒரு கதவு திறந்தது. முதலில் தொந்தி வந்தது. அந்தத் தொந்தியை எனக்குத் தெரியும்.

"வாங்க மாப்பிள" என்றார் நாராயணபெருமாள்.

அவர் பின்னால் காப்பித் தம்ளரோடு முத்துக்கனி நின்றாள். காலையில் சந்தைக்குப் போனவள்.

எனக்கு எல்லாப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கமும் ஒரே நேரத்தில் கிடைத்தது. சாளை கொடுத்தவள் செசிலி. முந்திரிக்கொத்து தின்ற ததேயுஸ் கருங்கலுக்கும் போகவில்லை, தக்கலைக்கும் போகவில்லை. எங்கள் அடுக்களைக்குத்தான் போய் வந்திருக்கிறான். சூட்டுக்கோல் வைத்தியரும் சொப்பன டாக்டரும் உலகத்திலேயே இல்லாத ஆட்கள். உளுந்தோடு சேர்த்து என் பெண்டாட்டி அரைத்த ஆட்கள்.

"இது சதி!" என்று கத்தினேன். பெஞ்சிலிருந்த அம்மாள் கூடையோடு எட்டிப் பார்த்தாள்.

"எது சதி?" என்றாள் முத்துக்கனி. "டாக்டரைத் தேடிப் பிடிச்சது ஆரு? நானா? வேண்டாம் வேண்டாம்ணு நான் அழுதேம்லா?"

"என் சபதம் என்னாவது? படி மிதிச்சாச்சே!"

"எங்க மிதிச்சிய? இது நெல்லு மூட்டை உருட்ட வச்ச வாசலு. சரிவாத்தான் கட்டியிருக்கு. போய்ப் பாருங்க, படியே கிடையாது."

போய்ப் பார்த்தேன். படியே கிடையாது.

மச்சினன் தொண்டையைச் செருமினார். "மாப்பிள வைராக்கியத்தை நாங்க குறைச்சுச் சொல்லல்ல. படியை மிதிக்காண்டாம். கல்யாணத்துக்கும் இந்த வழியா வந்தாப் போதும்."

நான் திரும்பி முத்துக்கனியைப் பார்த்தேன். பிரசங்கத்துக்கு நேரம் வந்துவிட்டது. அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். அவ்வளவு நேரம் முகத்தில் இருந்த குறும்பு போயிருந்தது.

"அண்ணன் மவளுக்கு நான் ஒருத்திதான் அத்தை" என்றாள். "ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்துலயும் நான் ஒத்தையாத்தான் நிக்கேன். அவரு எங்க, அவரு எங்கண்ணு கேப்பாவ. தூங்குகாருண்ணு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் தேஞ்சு போச்சு. இதுல மட்டும் நீங்க வரணும். எந்த வாசல் வழியா வந்தாலும் சரி."

பிரசங்கத்தின் முதல் வரியைத் தேடினேன். கிடைக்கவில்லை. காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. போகும்போது ஒரு பெருமிதம்கூட வந்துவிட்டது. சபதமும் கெடவில்லை, பெண்டாட்டியும் அழவில்லை. இப்படி ஒரு வாசல் எத்தனை பேருக்கு வாய்க்கும்? இரண்டு நாளில் திவான் மறுபடி என்னைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தான். செசிலி சாளையை நிறுத்திவிட்டாள் போல.

தையும் வந்தது. கல்யாணத்தன்று முத்துக்கனி விடியுமுன்னே போய்விட்டாள். நான் ஷெட்டிலிருந்து வந்து குளித்து, சரிகை வேட்டி கட்டி, நேரியலைத் தோளில் போட்டு, நெற்றியில் சந்தனம் இட்டு, பூதப்பாண்டியில் இறங்கினேன். மச்சினன் வீட்டு முன்னால் வாழை கட்டிப் பந்தல். நாதசுரம். வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துக் கையில் கல்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல், கால்வாய்க் கரையோடு, வேட்டியில் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்குப் போனேன்.

டாக்டர் யேசுதாசன் காக்கி நிக்கரில் இருந்தார்.

"கல்யாணத்துக்கு வந்தேன்" என்றேன்.

"கல்யாணம் அந்த வாசல். இந்த வாசல்ல வந்தா வரிசை. உக்காரும்."

"இண்ணைக்குமா திறந்து வச்சிருக்கீரு?"

"கல்யாணம்ணு சொன்னா சீக்கு கேக்குமா? கூட்டம் வருமேண்ணு காலையிலயே திறந்தாச்சு."

பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் போகிற கதவு தாழிட்டிருந்தது. டாக்டர் நினைத்தால்தான் திறக்கும். உள்ளே பெண்ணை மணவறைக்குக் கூட்டி வரச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். சமையல்புரையிலிருந்து நெய்மணம் வந்தது. என் பக்கத்தில் ஒருவர் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆடு என் நேரியலின் ஓரத்தை ருசி பார்த்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய் அந்தக் கதவைத் தட்டினேன்.

டாக்டர் சலிப்போடு வந்து தாழை நீக்கினார். பட்டுச்சேலையும் தலைநிறையப் பிச்சிப்பூவுமாக முத்துக்கனி எட்டிப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தாள்.

"ஏட்டி, நேரமாச்சு! டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொல்லு!"

அவள் என்னைப் பார்த்தாள். என் வேட்டியைப் பார்த்தாள். டாக்டரின் மீசையைப் பார்த்தாள்.

"முன்வாசல் திறந்துதான் கிடக்கு. பன்னீரு தெளிக்க ஆளும் நிக்கு. படியேறி வாறியளா?"

நான் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி நடந்தேன். பகவதியப்பன் பேச்சு மாறாது.

"சரி" என்றாள், கதவைச் சாத்திக்கொண்டே. "அந்த வெள்ளாடு போவட்டும். அதுக்கடுத்து நீங்கதான்."